மூன்றாவது மிதி

மூன்று முறை மிதிப்பார். முதல் இரண்டும் சும்மா, கதவைத் தட்டுகிற மாதிரி. மூன்றாவதில் ஆக்சிலரேட்டர் பெடலை அடிவரைக்கும் அழுத்தி, அங்கேயே பிடித்துக்கொண்டு, "பிஸ்மில்லா" என்று சாவியைத் திருப்புவார் சனாவுல்லா. சொந்த வேனோ, பிறத்தியார் லோரியோ, செப்பாங் பந்தயத் திடலுக்குப் போகும் பழைய டட்சன் காரோ, எதில் உட்கார்ந்தாலும் இதேதான். வண்டி இல்லாவிட்டாலும் இதேதான். வீட்டு நாற்காலியில் சாய்ந்து தொலைக்காட்சியில் கார் பந்தயம் பார்க்கும்போதும் அவருடைய வலது கால் வேலையில் இருக்கும். கம்பளம் அந்த ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்து தரை தெரிகிறது. அவர் மனைவி சல்மா அந்த ஓட்டைமேல் ஒரு பூச்சட்டியை வைத்துப் பார்த்தார். பூச்சட்டி உடைந்துவிட்டது.

கிள்ளானுக்குப் பக்கத்தில், மேரு தொழிற்பேட்டையின் பின்வரிசையில், லோரி என்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் பட்டறை அவருடையது. வயது ஐம்பத்தெட்டு. ஆள் ஒல்லி, வயிறு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சட்டைப் பையில் பேனா இருக்காது. பட்டாணி அளவில் பித்தளைத் திருகுகள் நாலைந்து கிடக்கும். அவற்றுக்கு ஜெட் என்று பெயர். நடுவில் ஓர் ஊசித்துளை. கார்புரேட்டர் வழியாக என்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கும். வெயிலுக்கு ஒரு ஜெட், மழைக்கு ஒரு ஜெட் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். துணி துவைக்கும் மெஷினுக்குள்ளிருந்து சல்மா அவற்றைப் பொறுக்கி, காலியான பேரீச்சம்பழ டப்பாவில் போட்டு வைப்பார். ஒரு நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நோன்பு திறக்க அந்த டப்பாவுக்குள் கையை விட்டார். நல்லவேளை, பல் எதுவும் போகவில்லை.

வார நாட்களில் லோரி, ஞாயிற்றுக்கிழமை டட்சன். அது ஓடும் பந்தயத்தில் வளைந்து நெளிந்து ஓடும் வேலை கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் நானூறு மீட்டர். முதலில் போய்ச் சேர்ந்தவர் அடுத்த சுற்றுக்கு, மற்றவர் வீட்டுக்கு. நிதானமாக ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் முடிந்துபோகிற காரியம். இதற்காக வருடம் முழுக்க உழைக்கிறார்கள். அப்படி இதில் என்னதான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், சனாவுல்லா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பார்.

காரில் பாதிதான் அவருடையது. என்ஜின் அவருடையது, உடம்பும் சக்கரமும் சுகுமாறனுடையவை. சுகுமாறன் பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. ஆகையால் காரின் இரண்டு கதவுகளிலும் அச்சகத்தின் பெயர் தங்க எழுத்தில், மேலே மாவிலைத் தோரணத்தோடு மின்னுகிறது. பந்தயத் திடலில் அதற்குக் கல்யாண வண்டி என்றே பெயர். ஓட்டுவது எப்போதும் சனாவுல்லாதான். அதை யாரும் பேசி முடிவு செய்ததில்லை. ஆரம்பத்தில் அவர் ஏறி உட்கார்ந்தார், அப்புறம் வேறு யாரும் உட்காரவில்லை. சீட்டின் பஞ்சு அவர் உடம்புக்குத் தகுந்த பள்ளமாகவே ஆகிவிட்டது.

அந்த என்ஜினில் இரண்டு கார்புரேட்டர்கள் இருந்தன. நல்ல சாமான்கள்தான், குணம்தான் ஒத்துப்போகாது. மழை பெய்தால் ஒன்று இருமும். வெயில் ஏறினால் மற்றது மூக்கடைத்துக்கொள்ளும். இரண்டையும் சமாதானப்படுத்தி ஓட்டுவதில் சனாவுல்லாவுக்குத் தனிச் சந்தோஷம். திடலில் நாலு பேர் அண்ணன் முறை வைத்து "நானா, இன்னிக்கு எந்த ஜெட்?" என்று வந்து கேட்பார்கள், அவர் வானத்தைப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, ஒரு நம்பர் சொல்லுவார். பாதி நேரம் சரியாக இருக்கும். மூன்று மிதியும் அந்தக் கார்புரேட்டர்கள் கொடுத்த பழக்கம்தான். மிதிக்க மிதிக்கத்தான் அவை பெட்ரோலை உள்ளே பீச்சும். "மிதிச்சுப் புடிக்கணும் லா. இல்லாட்டி அது நம்ம பேச்ச கேக்காது" என்பார்.

போன வருடம் அரையிறுதியில் அது பேச்சைக் கேட்கவில்லை. அழைப்புக்காக வரிசையில் காத்திருக்கும்போது என்ஜினை அணைத்து வைப்பது வழக்கம். மழை விட்டு வெயில் அடித்த நேரம். பெயரைக் கூப்பிட்டதும் மூன்று மிதி மிதித்துச் சாவியைத் திருப்பினார். பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. மறுபடியும் மூன்று. என்ஜின் பெட்ரோலிலேயே மூழ்கிப்போய்விட்டது. எதிராளி தனியாக ஓடி, தனியாக ஜெயித்து, போகிற வழியில் கையை வேறு ஆட்டினான். சுகுமாறன் கல்யாண வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு திரும்பினார். நீங்கள் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் கேட்டார்.

அன்று சாயங்காலம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் நுரைக்க ஆற்றி வைத்த தே தாரிக் டீயைச் சுகுமாறன் தொடவே இல்லை. "சனா, ஓடித் தோத்தா எனக்குக் கவலையில்ல. நின்ன எடத்துல தோக்குறதுக்கு எதுக்குக் காரு? இன்ஜெக்‌ஷன் போடு. இல்லாட்டி என் பாதிய நான் எடுத்துக்கிறேன்" என்றார். உடம்பு போய்விட்டால் என்ஜினை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று சனாவுல்லா ஒரு வாரம் யோசித்தார். பிறகு சரி என்றார்.

இன்ஜெக்‌ஷன் என்றால், கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை ஊசிமுனை வழியாகத் தெளிக்கச் செய்து, எப்போது எவ்வளவு என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டரின் பொறுப்பில் விடுவது. அதற்கு வெளியாள் தேட வேண்டியிருக்கவில்லை. மகள் அஃப்ரின் பூச்சோங்கில் ஒரு கார் பட்டறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இதே வேலையைத்தான் செய்கிறாள். அப்பாவின் என்ஜினில் கை வைக்க ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உன் கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம் என்று அவர் சொல்லி வந்தார். கல்யாணம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது.

ஞாயிறுதோறும் அவள் வேலை செய்தாள். சனாவுல்லா பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கார்புரேட்டர் இருந்த இடத்தில் பளபளவென்று காற்றுக் குழாய்கள் வந்தன. பின்னால் புதுப் பம்பு. மிச்சப் பெட்ரோல் டாங்கிக்கே திரும்பிப் போக இன்னொரு குழாய். போன பெட்ரோல் எதற்குத் திரும்பி வர வேண்டும் என்று அவர் கேட்டார், அஃப்ரின் விளக்கினாள், அவருக்கு அந்தக் குழாய்மேல் மரியாதை வரவில்லை. பெடல் எவ்வளவு மிதிபடுகிறது என்று பார்க்க ஒரு சென்சார், காற்றின் சூட்டைப் பார்க்க ஒன்று. எல்லா வயரும் போய்ச் சேரும் கம்ப்யூட்டர், சோப்புப் பெட்டி அளவில், டேஷ்போர்டுக்குக் கீழே உட்கார்ந்தது. அதற்கு டப்பா என்று பெயர் வைத்தார்.

"மழ வந்தா டப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தா. அதுவே கூட்டிக் கொறச்சுக்கும்."

சனாவுல்லா சட்டைப் பையிலிருந்த ஜெட்டுகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார். கழற்றிய கார்புரேட்டர்கள் இரண்டையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பழைய கைலியில் சுற்றி, வேனின் முன்சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டார். என்ன நடக்குமோ யார் கண்டது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்றார். இன்றுவரை அங்கேதான் இருக்கின்றன. சல்மா பின்சீட்டில் போகிறார்.

எல்லாம் பூட்டி முடிந்த அன்று அஃப்ரின் காருக்கு வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். பம்பு லேசாக முனகியது. என்ஜின் ஒரே சுற்றில் எடுத்துக்கொண்டது. இருமல் இல்லை, தும்மல் இல்லை. சுகுமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அணைத்துவிட்டு, "இப்ப நீங்க" என்று அஃப்ரின் கதவைத் திறந்துவிட்டாள். சனாவுல்லா உட்கார்ந்தார், திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றோ சுற்றென்று சுற்றியது, என்ஜின் எடுக்கவில்லை. சுகுமாறன் ஏறித் திருப்பினார், எடுத்தது. சனாவுல்லா மறுபடி ஏறினார், எடுக்கவில்லை. அவர் இறங்கி, காரைச் சுற்றி வந்து, டப்பா இருக்கும் பக்கம் குனிந்து பார்த்தார்.

"எனக்கு மட்டும் எடுக்க மாட்டேங்குது" என்றார்.

காரணம் அஃப்ரினுக்கு உடனே தெரிந்துவிட்டது. கார்புரேட்டரில் மிதித்தால் பெட்ரோல் வரும். டப்பாவில் கதை தலைகீழ். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் பெடல் அடிவரை அமுங்கியிருந்தால், என்ஜின் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது, காய வைக்கச் சொல்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். உடனே பெட்ரோலை நிறுத்திவிடும். அவர் எவ்வளவு பக்தியோடு மிதிக்கிறாரோ அவ்வளவு கண்டிப்போடு அது நிறுத்தும். காலை எடுத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பினால் போதும் என்று அவள் சொன்னாள்.

"நான் கால வைக்கவே இல்லயே" என்றார் சனாவுல்லா.

மனுஷர் பொய் சொல்லவில்லை. கால் போனதும் வந்ததும் அவருக்குத் தெரியாது. அஃப்ரின் கைப்பேசியைப் பெடலுக்குப் பக்கத்தில் பிடித்து வீடியோ எடுத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதாக இரண்டு தடவை பார்த்தார். திரையில் ஒரு கால் வந்தது, மிதித்தது, மிதித்தது, மூன்றாவதில் அழுத்திப் பிடித்துக்கொண்டது. "செருப்பு என்னுதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

டப்பாவில் அந்த ஏற்பாட்டை எடுத்துவிடவும் வழி இருந்தது. எடுத்துவிட்டால், அவர் மிதித்துப் பிடித்துக்கொண்டு திருப்பத் திருப்பப் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும். போன வருடத்துக் கதைதான் மறுபடியும். அதைக் கேட்டு சுகுமாறன் எழுந்தே நின்றுவிட்டார். சனாவுல்லாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டப்பாமேல் தப்பு இல்லை என்றும் சொன்னார். சொல்லும்போது டப்பாவைப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு பயிற்சி நாளில் காரை செப்பாங்குக்குக் கொண்டுபோனார்கள். சனாவுல்லா உட்கார்ந்தபோது எடுக்கவில்லை. நேரம் வீணாகிறதே என்று அஃப்ரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓர் ஓட்டம் ஓடிவிட்டு வந்தாள். பலகையில் விழுந்த நேரம், அந்தக் கார் அதுவரை ஓடிய எந்த நேரத்தையும்விடக் குறைவு. அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், சிரிப்பை அடக்கத்தான். "எட கம்மி, அதான்" என்றார் சனாவுல்லா.

சுகுமாறன் அங்கேயே பேச்சை முடித்தார். அடுத்த பந்தயத்தில், வரிசையில், பெயர் கூப்பிட்டதும் சனாவுல்லா கையாலேயே கார் எடுக்க வேண்டும். வேறு யாரும் ஜன்னல் வழியாகக் கையை விடக் கூடாது. எடுக்கவில்லை என்றால் அன்றிலிருந்து அந்த சீட் அஃப்ரினுக்கு. சனாவுல்லா கை கொடுத்தார். கொடுத்துவிட்டு மகளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

வைத்தியம் ஆரம்பமானது. சுகுமாறன் பெடலுக்கு அடியில் செங்கல் வைத்தார். கார் எடுத்தது, செங்கலோடு ஓட முடியாதே. சல்மா கணவரின் கால் பெருவிரலில் ஒரு நூலைக் கட்டிவிட்டார். கால் மிதித்தபோது நூலும் சேர்ந்து மிதித்தது. மத்தியான வேளையில் சனாவுல்லா பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இல்லாத சாவியைத் திருப்பிப் பழகினார். லோரி டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் கவலைப்பட்டார்கள். ஒருவர் கிள்ளானில் நல்ல நரம்பு டாக்டர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் அஃப்ரின் சுகுமாறனிடம் ஒரு ஸ்டிக்கர் அடித்துத் தரச் சொன்னாள். சாவிக்கு நேர் மேலே ஒட்டினாள். தங்க எழுத்தில் "கால்" என்று ஒரே வார்த்தை. அச்சகத்தின் பழக்கம் விடுமா, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சனாவுல்லா அதைப் படிப்பார், ஆமாம் என்று தலையை ஆட்டுவார், மிதிப்பார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், சல்மா கேன்டீனுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். சல்மா பள்ளிக்கூட கேன்டீன் நடத்துகிறவர். உரித்தால் மூட்டைக் கணக்கில்தான் உரிப்பார்.

"பயமா இருக்கு சல்மா."

"ஓட்டுறதுக்கா?"

"எறங்குறதுக்கு. எங்க உக்காந்தாலும் முட்டி வலிக்குது. அந்த சீட்ல மட்டும் வலிக்கல."

"அஃப்ரின் ஓட்டுனா என் பக்கத்துல உக்காந்து பாக்கலாம்ல?"

அவர் அதை நேர்மையாகவே யோசித்துப் பார்த்தார். "அங்க வலிக்கும்" என்றார். சல்மா எழுந்து போய்த் தைலக் குப்பியை எடுத்து மறுநாள் கொண்டுபோகும் பையில் வைத்தார். வெங்காயத்தால்தான் இருவர் கண்ணும் கலங்கியது என்று அவரும் நினைக்கவில்லை, இவரும் நினைக்கவில்லை.

மறுநாள் போன வருடம் மாதிரியே மழை, அதே மாதிரி வெயில். வரிசையில் கல்யாண வண்டி அணைந்து நின்றது. பக்கத்துக் கார்க்காரன் ஏற்கெனவே என்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். பெயரைக் கூப்பிட்டார்கள். சனாவுல்லா ஸ்டிக்கரைப் படித்தார், தலையை ஆட்டினார், திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சுகுமாறன் முதுகைக் காட்டித் திரும்பி, வேலியில் தொங்கிய விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார். அஃப்ரின் கதவோரம் நின்றாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் சாவி எட்டும். அவள் கையில் அவளுடைய ஹெல்மெட் இருந்தது. சும்மா எடுத்து வந்ததாகக் காலையில் சொல்லியிருந்தாள். இப்போது அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார்.

வரிசையைக் கவனிக்கும் மலாய் இளைஞன் ஓடி வந்து குனிந்து, அங்கிள், இன்னொரு தடவை பாருங்கள், இல்லையென்றால் ஒதுக்கிவிடச் சொல்கிறார்கள் என்றான். சனாவுல்லா சாவியில் கை வைத்தார். கையை எடுத்தார். பெல்ட்டைத் தளர்த்திக் கதவைத் திறந்தார்.

இறங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சுகுமாறன் திரும்பி இரண்டடி முன்னால் வந்தேவிட்டார். அஃப்ரின் "அத்தா" என்றாள். சனாவுல்லா யாரையும் பார்க்கவில்லை. வலது தொடையை இரண்டு கையாலும் தூக்கி, வகுப்பில் அடங்காத பையனை வெளியே நிறுத்துகிற மாதிரி, காலை மட்டும் வெளியே தார்மேல் வைத்தார். மிச்ச உடம்பு சீட்டின் பள்ளத்திலேயே இருந்தது.

தங்கத் தோரணத்துக்குக் கீழே, ஈரத் தாரில், அந்தக் கால் ஒரு தடவை மிதித்தது. இன்னொரு தடவை மிதித்தது. மூன்றாவதில் தாரை அழுத்திப் பிடித்துக்கொண்டது. "பிஸ்மில்லா" என்று அவர் சாவியைத் திருப்பினார், என்ஜின் எடுத்துக்கொண்டது. அது எடுத்த பிறகும், தாரைப் பிடித்திருந்த காலைக் கொஞ்ச நேரம் அவர் விடவில்லை.